யுத்த ஜுரம் போன பிறகு

எங்கள் வீட்டில் அந்த ஜுரம் முதலில் என் கணவரைத்தான் பிடித்தது. ஜெர்மனிச் சண்டை இதோ முடிந்துவிடும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வருஷம். துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் ஆபீஸிலிருந்து வந்தவர், "ரயில்லே ஒருத்தர் பாக்கியில்லாம இருமிண்டே வந்தா" என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினார். மறுநாள் விடிந்தபோது அவர் உடம்பு அனலாகக் கொதித்தது. அவருக்கு அடுத்தபடி அவருடைய அக்கா விழுந்தார். பிறகு நான். எங்கள் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. அவளை மட்டும் அது தொடவில்லை. பாத்திரம் தேய்க்க வரும் வங்காளிப் பெண் அவளைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் குடிசையில் வைத்துக்கொண்டாள்.

வங்காளிகள் அதை யுத்த ஜுரம் என்றார்கள். சண்டைக்குப் போன சிப்பாய்கள் கப்பலில் கொண்டுவந்தது என்று பேச்சு. பாலிகஞ்ச் அப்போது இன்றைக்கு இருப்பதுபோல இல்லை. ரயிலை விட்டு இறங்கினால் குளமும் மூங்கில் புதரும், நடுநடுவே தோட்டத்தோடு கூடிய வீடுகளும்தான். அந்த அமைதியில், பிணம் தூக்கிப் போகிறவர்கள் "போலோ ஹரி, ஹரி போல்" என்று சொல்லிக்கொண்டு போவது பகல் முழுதும் கேட்டபடி இருந்தது. சில நாட்கள் அது நின்று நின்று வரும். சில நாட்கள் நிற்கவே நிற்காது.

நாங்கள் மூன்று பேரும் பிழைத்தோம். என் கணவர் விடுமுறை முடிந்து இரண்டொரு நாள் கழித்து ஆபீஸுக்குப் போய்விட்டார். என் நாத்தனார் சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்களோடு இருந்தவர்; உழைப்பதற்கென்றே செய்த உடம்பு. தலைக்கு ஜலம் விட்டுக்கொண்ட மறுநாளே ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் ஜுரம் விட்டது. இருமல் போயிற்று. நாக்கில் ருசி திரும்பிற்று. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்கவில்லை என்றால் படுக்கையிலேயே கிடந்தேன் என்று அர்த்தமில்லை. எழுந்தேன், குளித்தேன், கோலம் போட்டேன். கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைவாரிக்கொள்ளக் கையைத் தூக்கினால் கை தானாக இறங்கிவிடும். குழாயடியிலிருந்து சமையலறைக்கு ஒரு குடம் ஜலம் கொண்டுவந்தால் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும். கால் இரண்டும் ஈரத் துணி சுற்றினதுபோலக் கனக்கும். தூங்கினால் சரியாகிவிடும் என்று தூங்குவேன். எழுந்தால், தூங்கப்போகும்போது இருந்ததைவிட அசதியாக இருக்கும். அது என்ன தூக்கமோ. பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை மறந்துபோகும். உப்பு ஜாடியைக் காட்டி, "அதை எடுங்கோ, அதான், அந்த வெள்ளையா..." என்று தடுமாறுவேன். குழந்தை தூக்கச் சொல்லிக் கையை நீட்டும். தூக்க முடியாது. நான் தரையில் உட்கார்ந்து, "நீயே வந்து மடியிலே ஏறிக்கோ" என்பேன். சில நாட்களில் அது நீட்டுவதை நிறுத்திவிட்டது.

பொங்கல் வந்தது, போயிற்று. என் நாத்தனார் நேரே எதுவும் சொல்லமாட்டார். அடுப்பிடம் சொல்வார். "எங்க காலத்திலே ஜுரம்னா வரும், போகும். போனப்புறமும் அதைப் பிடிச்சு வெச்சுண்டு யாரும் படுத்துக்கலே" என்று கரி உலைக்கு விசிறிக்கொண்டே சொல்வார். எனக்கு அழுகைகூட வராது. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

என் கணவர் கெட்டவரில்லை. தன் ஆபீஸ்காரர்களைப் பார்க்கும் டாக்டரை ஒருநாள் அழைத்துவந்தார். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், மார்பில் குழலை வைத்துக் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு என் கணவரிடம் பேசினார். ஒன்றுமில்லை, நரம்புக் கோளாறு, பெண்பிள்ளைகளுக்கு வருகிறதுதான், இன்னொரு குழந்தை பிறந்தால் தெளிந்துவிடும் என்று சொல்லி, இரும்புச் சத்துள்ள டானிக் ஒன்று எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்து என் பல் கறுத்ததுதான் மிச்சம். கவிராஜ் என்கிற வங்காளி நாட்டு வைத்தியர் ஒருவரிடம் போய் மகரத்வஜம் வாங்கித் தேனில் குழைத்துத் தின்றேன். அதுவும் இறங்கிப் போயிற்று.

அடுத்த சந்தில் ஒரு லேடி டாக்டர் இருந்தாள். பிரம்ம சமாஜத்துக் குடும்பம், கல்யாணம் செய்துகொள்ளாதவள், என்னைவிடப் பத்து வயது பெரியவளாக இருக்கலாம். மெலிந்த உடம்பு, மூக்குக் கண்ணாடி, தோளில் ஊசி குத்தின புடவை, காலில் பூட்ஸ். பிரசவம் பார்க்கக் குதிரை வண்டியில் அவள் போவதையும் வருவதையும் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் குளிர்காலத்தில் அந்த வண்டி அவ்வளவாகக் கண்ணில் படவில்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. ஒரு மத்தியானம், நாத்தனார் கண்ணயர்ந்திருந்தபோது, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

முன்னறையில் மேஜை, நாற்காலி, படுக்கவைத்துப் பார்க்க ஒரு பெஞ்சு. என்னைப் படுக்கச் சொன்னாள். நெடுநேரம் கேட்டாள், தட்டினாள், அமுக்கினாள். இடது விலாவுக்குக் கீழே கையைக் கொடுத்து, "மலேரியாக் கட்டி இல்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்புறம் பேசாமல் நாற்காலியில் போய் உட்கார்ந்து, மேஜை விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டாள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இவளுக்கும் அலுத்துவிட்டது என்று நினைத்தேன்.

அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "மன்னிச்சுக்கோ, பாய். நிக்க முடியலே. எனக்கும் இதேதான்."

வங்காளிப் பெண்கள் தங்களுக்குள் ஒருத்தியை ஒருத்தி 'பாய்' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். சகோதரன் என்று அர்த்தம். ஊருக்கு வந்த புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. அன்று என்னை ஒருத்தி அப்படிக் கூப்பிட்டபோது சிரிப்பு வரவில்லை. நான் அவளை 'தீதி' என்றேன். அக்காவுக்கு அவர்கள் பாஷையில் அதுதான். நாங்கள் வங்காளியில்தான் பேசிக்கொண்டோம். என் வங்காளி காய்கறிக்காரியிடம் கற்றது, இலக்கணம் கிடையாது. என் வார்த்தையில்தான் அவள் பேச்சை இங்கே எழுதுகிறேன்.

அவளுக்கும் பூஜை சமயத்தில்தான் ஜுரம் வந்தது. நோயாளிகளிடமிருந்து ஒட்டிக்கொண்டது. எழுந்து ஒரு வாரம் வேலை பார்த்தாள். பிறகு ஒரு வீட்டில் மாடி ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதிலிருந்து இப்படித்தான். அவளோடு கூடப் படித்த ஆண் டாக்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, ஓய்வெடு, கவலைப்படாதே, கல்யாணம் செய்துகொண்டிருந்தால் இப்படி வந்திருக்காது என்றாராம்.

"எனக்கு இன்னொரு குழந்தை பொறந்தா சரியாயிடும்னு சொன்னார்" என்றேன்.

அவள் சிரித்தாள். சிரிப்பு நடுவில் மூச்சு வாங்கிற்று. நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பல மத்தியானங்கள் அங்கே போனேன். வைத்தியத்துக்கு என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாயில் படுத்துக்கொண்டு பேசுவோம். குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவில் மருந்துச் சீசா மூடிகளை வைத்துச் சொப்பு விளையாடும். பேச முடியாத நாட்களில் பேசமாட்டோம். அசதியாக இருக்கிறது என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டியில்லாத இடம் எனக்கு அது ஒன்றுதான்.

ஏன் இப்படி என்பது அவளை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. எனக்கு எப்போது போகும் என்பதுதான் கவலை. அவளுக்கு எதனால் என்பது. "ஜுரத்தை உண்டாக்கின கிருமி எதுன்னே யாருக்கும் நிச்சயமாத் தெரியலே" என்பாள். மைக்ராஸ்கோப்பில் தெரிகிற பூச்சிதான் என்று சிலர் சொன்னார்களாம். அதைவிடப் பொடிசு, பீங்கான் வடிகட்டியில் ஊற்றினாலும் கடந்து வந்துவிடும், எந்தக் கண்ணாடிக்கும் அகப்படாது என்று வேறு சிலர் சொன்னார்களாம். வைரஸ் என்று இன்று பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்கிறான். அன்று அவளுக்கே அது கேள்விப்பட்ட சங்கதிதான்.

"கண்ணுக்குத் தெரியாதது உள்ளேயே எங்கேயாவது பதுங்கியிருக்கலாம். மலேரியா மண்ணீரல்லே போய் உக்காந்துக்கறது இல்லையா? ஜுரம் விட்டுடுத்துன்னு நினைப்போம். அது நீறு பூத்த நெருப்பு மாதிரி இருக்கும்."

"அப்படின்னா ஜுரம் திரும்பி வரணுமே, தீதி. எனக்கு உடம்பு சுடவே இல்லையே."

"அதான் இடிக்கறது" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான் அன்றைக்கு. அடுத்த வாக்கியம் வர மூன்று நாள் ஆயிற்று. தொண்டையடைப்பான் வந்த குழந்தைகளைப் பற்றிச் சொன்னாள். தொண்டை ஆறி, குழந்தை சாப்பிட ஆரம்பித்து, வீட்டில் எல்லோரும் சாமிக்குத் தேங்காய் உடைத்த பிறகு, சில வாரம் கழித்துக் குடித்த பால் மூக்கு வழியாக வரும். கால் துவண்டுபோகும். கிருமி செத்தாலும் அது கக்கிவிட்டுப் போன விஷம் நரம்பிலும் இருதயத்துச் சதையிலும் தங்கிவிடுகிறது. "அது மாதிரி இதுவும் ஒரு விஷமா இருக்கலாம். விஷம்னா வடியும். நாளாகும், ஆனா வடியும்." எனக்கு அந்தக் காரணம் பிடித்திருந்தது. வடியும் என்ற சொல் பிடித்திருந்தது.

வேறொரு நாள் அவளுக்கு அதுவும் போதவில்லை. ஊரைக் காக்க வந்த சிப்பாய்கள் சண்டை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் ஊரையே அடித்துத் தின்பதுபோல, ஜுரத்தோடு சண்டை போட எழுந்த ரத்தம் அடங்காமல் நம் உடம்பையே தாக்குகிறதோ என்றாள். "உடம்பு தன்னைத்தானே கடிக்காதுன்னு பெரிய டாக்டர்கள் எல்லாம் சொல்றா. எனக்கு அவ்வளவு நிச்சயமா சொல்ல வரலே." இப்படிச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. தனியாக யோசிக்கிறவர்களுக்கு வரும் பயம்.

ஒரு தடவை என் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பரப்பிச் சாயம் போட்டுப் பார்த்தாள். அப்புறம் தன் விரலையும் குத்திக்கொண்டாள். ஜன்னல் பக்கம் மைக்ராஸ்கோப்பை நகர்த்தி மாறி மாறிப் பார்த்தாள். அவள் முதுகு வளைந்து வளைந்து வருவதைப் பார்த்து நான் பதறினேன். "நீயும் பாரேன்" என்றாள். நான் குனிந்து பார்த்தேன்.

"என்ன தெரியறது?"

"என் கண் மயிர்தான் தெரியறது, தீதி."

"எனக்கும் அதுக்குமேல ஒண்ணும் தெரியலே" என்றாள். அன்று மாலை அவளுக்குத் தலைவலி வந்து நாலு நாள் இருட்டறையில் கிடந்தாள்.

கோடை பிறந்தது. சித்திரை வருஷப் பிறப்புக்கு ஊர்ப் பக்கத்து மனிதர்கள் சிலரை என் கணவர் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அன்று எனக்கு என்னவோ நன்றாக இருந்தது. நாத்தனாரோடு சேர்ந்து சமைத்தேன். போளி தட்டினேன். சிரித்துப் பேசினேன். என் கணவர் முகம் மலர்ந்து போயிற்று. அடுத்த நாள் காலை கண்ணைத் திறந்தபோது விளக்கை அணைத்துவிட்டதுபோல எல்லாம் போய்விட்டது. திரும்பிப் படுக்க முடியவில்லை. குழந்தை பேசும் சத்தம் காதில் அடித்தது. ஒரு நாள், இரண்டு நாள் என்று வாரம் முழுவதும் அப்படியே கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தீதி என்னைப் பார்க்க வந்தாள். நான் போகாததைக் கண்டு வேலைக்காரனை அனுப்பி விசாரித்திருக்கிறாள். மெதுவாக நடந்து, வாசல் படியில் ஒரு தரம் உட்கார்ந்து, உள்ளே வந்தாள். என் கணவர் நாற்காலி போட்டார். நாத்தனார் சமையலறைக் கதவோரம் நின்றபடி, டாக்டர் முகத்தைப் பார்க்காமல், தம்பியைப் பார்த்துப் பேசினார்.

"அந்த டாக்டரைக் கேளு. அன்னிக்கு நாலு பேர் வந்தப்போ இவ நன்னா ஓடியாடி இருந்தா. வந்தவா போனா, மறுநாள் படுத்துண்டுட்டா. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். மத்தவா இருக்கறப்போ தெம்பு எங்கேயிருந்து வரதாம்?"

என் கணவர் சங்கடத்தோடு வங்காளியில், "வருஷப் பிறப்பன்னிக்கு நன்னா இருந்தாளாம். அப்புறம் உடம்பு சரியில்லையாம்" என்றார்.

தீதிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள், "அவா சொன்னது இவ்வளவு சின்னது இல்லை. முழுசா சொல்லுங்கோ" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், முழுதும் சொன்னார். தீதி கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஒவ்வொரு தடவையுமா? கேளுங்கோ. வேலை செஞ்ச அன்னிக்கு இல்லை, மறுநாள்தானா?"

நாத்தனார் திடுக்கிட்டார். தன்னை யாரோ அக்கறையாகக் கேள்வி கேட்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. "ஆமாம். கார்த்திகைக்கு அப்புறம். அந்தக் கட்டில் பலகையெல்லாம் தேய்ச்சாளே, அதுக்கு அப்புறம். தலை தீபாவளிக்காரா வந்துட்டுப் போனாளே, அப்பவும். அன்னிக்குச் சமாளிச்சுடுவா. அடுத்த நாள்தான் சுருண்டுடுவா." சொல்லச் சொல்ல அவர் குரலின் சூடு குறைந்தது. தான் சொல்வதைத் தானே கேட்டுக்கொண்டதுபோல இருந்தது.

"எனக்கும் அப்படித்தான்" என்று தீதி மெல்லச் சொன்னாள். "நான் மறுநாளை எண்ணவே இல்லை. ஒவ்வொரு தடவையும் புதுசா வந்த கோளாறுன்னு நினைச்சிண்டிருந்தேன். சோம்பேறிக்கு வேலைக்கு முன்னாடிதான் உடம்பு வலிக்கும், வேலை செஞ்ச மறுநாள் இல்லை."

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். என் கணவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, படுத்திருந்த என் மணிக்கட்டில் அவர் விரலை வைத்தாள். "இப்போ எப்படி ஓடறதுன்னு பாருங்கோ. நிதானமா இருக்கு இல்லையா? விரலை எடுக்காதீங்கோ." என்னை எழுந்து நிற்கச் சொன்னாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் விரல் என் மணிக்கட்டிலேயே இருந்தது. நான் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. சும்மா நின்றேன். என் கணவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கவனம், பிறகு சந்தேகம், பிறகு பயம்.

"என்னது இது? ஓடிவந்தவ மாதிரி அடிச்சுக்கறதே" என்று தமிழில் சொன்னார்.

"காலைப் பாருங்கோ" என்றாள் தீதி. என் பாதம் இரண்டும் நாகப்பழ நிறத்துக்கு மாறியிருந்தது. நிற்கும்போது ரத்தம் மேலே ஏறாமல் காலில் தேங்கிவிடுகிறது, அதை மேலே இறைக்க இருதயம் ஆலாய்ப் பறக்கிறது என்று விளக்கினாள். சண்டையிலிருந்து திரும்பின சிப்பாய்களுக்கும் இப்படி இருக்கிறதாம். ரத்தக் குழாய்களின் பிடிப்பைத் தளர்த்தினது எது என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை என்றாள்.

என் கணவர் தன் நாடியையே உட்கார்ந்தும் நின்றும் பார்த்துக்கொண்டார். பிறகு, "அக்கா, உனக்கும் பார்த்தாத் தெரிஞ்சுடும்" என்றார்.

நாத்தனார் மடி ஆசாரம் பார்ப்பவர். அன்னியர் தொட்டால் குளிக்க வேண்டும். "நான் இன்னும் குளிக்கலே. இப்பவே பார்க்கச் சொல்லு" என்று கையை நீட்டினார். தீதி அவரைத் தரையில் படுக்கவைத்துப் பார்த்தாள், நிற்கவைத்துப் பார்த்தாள். கொஞ்சம்தான் வித்தியாசம். பிறகு நாத்தனாரின் விரலை எடுத்து என் மணிக்கட்டில் வைத்தாள். அவரும் அதே ஜுரத்தில் என் பக்கத்துப் பாயில் கிடந்தவர்தான். "உக்காரு, உக்காரு, நிக்காதே" என்று மட்டும் சொன்னார். குளிக்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் யாரும் மன்னிப்பு கேட்கவில்லை. எங்கள் வீடுகளில் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லை. சமையலறைக்கு வெளியே ஒரு தாழ்ந்த கட்டில் வந்து சேர்ந்தது. அதில் சாய்ந்தபடி அரிசி பொறுக்குவேன், கீரை ஆய்வேன். பழைய வேஷ்டியைக் கிழித்து முழங்கால்வரை இறுக்கிச் சுற்றிக்கொள்ள தீதி சொல்லிக்கொடுத்தாள். நாத்தனார் கஞ்சியில் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, காலையில் எழுந்திருக்கும் முன்பே படுக்கைக்குக் கொண்டுவந்து கொடுப்பார். எல்லாவற்றையும்விட, நன்றாக இருக்கும் நாளில்தான் என்னை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொண்டார். "இன்னிக்கு முகம் தெளிவா இருக்கு. அதனாலே அந்தக் குடத்தைத் தொடாதே" என்பார். நான் தேறவில்லை. ஆனால் விழுவது குறைந்தது.

தீதி எனக்குச் சொன்னதைத் தனக்குச் செய்துகொள்ளவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் காளிகாட் பக்கத்திலிருந்து ஆள் வந்தான். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள், ஆண் டாக்டரை உள்ளே விடமாட்டார்கள் என்றான். நான் அப்போது அவள் வீட்டில் இருந்தேன். அவள் பூட்ஸை எடுத்தாள்.

"தீதி, வேறே யாராவது..."

"யார் இருக்கா?"

"நாளைக்கு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும், பாய். நாளைக்குத்தானே" என்று சொல்லி, கயிற்றைக் கட்டக் குனிய முடியாமல் காலை நீட்டினாள். நான் கீழே உட்கார்ந்து கட்டிவிட்டேன். நிதானமாகத்தான் கட்டினேன். தாமதித்தால் வேண்டாமென்று இருந்துவிடுவாளோ என்று ஒரு ஆசை. அவள் போனாள். தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது.

மறுநாள் அவள் விழுந்தாள். வாரம் மாதமாயிற்று. ஜன்னலைத் துணியால் மூடியிருந்தார்கள். வெளிச்சம் பொறுக்கவில்லை, பேச்சு பொறுக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டு வருவேன். அவள் கை சில்லிட்டிருக்கும். ஒரு தடவை, அவள் தூங்கிவிட்டாள் என்று நான் நினைத்திருந்தபோது, மெல்லப் பேசினாள்.

"அசதிகூடப் பொறுத்துக்கலாம். ஏன்னு தெரியாம இருக்கறதுதான் முடியலே. இத்தனை படிச்சு என்ன? என் உடம்புக்குள்ளே என்ன நடக்கறதுன்னு எனக்கே தெரியலே."

"எல்லாமே சேர்ந்து இருக்கலாமே, தீதி. கொஞ்சம் பதுங்கல், கொஞ்சம் விஷம், கொஞ்சம் சிப்பாய். குழம்புன்னா ஒரே சாமானா இருக்கு?" என்றேன்.

"இருக்கலாம்" என்றாள். "ஒருத்தருக்கு ஒரு மாதிரி கலவை. அதனாலேதான் நீ உக்காந்திருக்கே, நான் படுத்திருக்கேன்."

அந்தக் குளிர்காலத்தில் அவள் தங்கை வந்து அவளை மதுபூருக்கு அழைத்துப்போனாள். வங்காளிகள் உடம்பு தேறக் காற்று மாற்றிக்கொள்ள மேற்கே போவார்கள். ரயிலேற ஹௌராவுக்கு அவளைப் பல்லக்கில் படுக்கவைத்துத்தான் கொண்டுபோனார்கள். வழியனுப்ப நான் போகவில்லை. போயிருந்தால் திரும்பி வந்து ஒரு வாரம் படுத்திருப்பேன். அவளே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அடுத்த சந்தில் பெயர்ப்பலகையைக் கழற்றுகிற சுத்தியல் சத்தம் என் கட்டிலுக்குக் கேட்டது.

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பு வந்தது. எதனால் என்று கேட்டால் தெரியாது. உப்புக் கஞ்சியாலா, கால் கட்டாலா, ஓய்வாலா, அது தானாக வடிந்ததா. ஒரு நாள் கோலத்தை முடித்துவிட்டேன். ஒரு நாள் குழந்தையைத் தூக்கினேன். அதற்குள் அவள் கனத்துப்போயிருந்தாள். தூக்கச் சொல்லும் வயசும் தாண்டியிருந்தது. பழைய உடம்பு திரும்பவில்லை. பத்தில் ஆறு பங்கு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதை வைத்துக்கொண்டு இன்னொரு பிள்ளையும் பெற்றேன். ஆபீஸ் டாக்டர் சொன்னதுபோலத் தெளியவில்லை. பெற்ற பிறகு மறுபடி ஆறு மாதம் படுத்தேன்.

சில வருஷம் கழித்து, என் கணவருக்கு நீண்ட விடுமுறை கிடைத்தபோது மதுபூருக்குப் போனோம். நாத்தனார் ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினார். தீதி அங்கே தங்கிவிட்டிருந்தாள். ஊர் ஓரத்தில் சின்ன வீடு. யாருடைய வீட்டுக்கும் போவதில்லை. காலையில் கொஞ்ச நேரம் மட்டும், வராந்தாவில் சாய்வு நாற்காலியில் படுத்தபடியே, வருகிறவர்களைப் பார்ப்பாளாம். பிரசவம் பார்ப்பதை விட்டுவிட்டாள். காற்று மாற்ற வருகிறவர்களில் யுத்த ஜுரத்துக்குப் பிறகு எழுந்திருக்காதவர்கள் நிறையப் பேர் என்றாள். ஒரு வக்கீல், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், வாய் திறந்து பேசாத ஒரு மருமகள். தூங்கித் தூங்கியே கல்லாய்ப்போன ஒரு இளைஞனையும் பார்த்தாளாம். அது வேறு வியாதியோ, இதுவே மூளையில் ஏறினதோ, அவளால் சொல்ல முடியவில்லை.

"காரணம் கிடைச்சுதா, தீதி?"

"இல்லை. தினம் தேடறதை விட்டுட்டேன். வாரத்துக்கு ஒரு நாள் தேடறேன்" என்றாள். "வரவாகிட்டே மட்டும் சொல்றேன். ஒண்ணுமில்லைன்னு சொன்னவாளுக்குத் தெரியாதுன்னு அர்த்தம், இல்லைன்னு அர்த்தமில்லைன்னு. அந்த மருமகள் அதைக் கேட்டுட்டு ஒரு மணி நேரம் அழுதா."

மத்தியானம் சாதத்தில் தயிர் விட்டுக்கொண்டு நார்த்தங்காயைக் கடித்தாள். கண்ணில் நீர் வந்தது. இன்னொரு துண்டு கேட்டாள். சாப்பிட்டபின் வராந்தாவில் இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். எதிரே சிவப்பு மண், அதைத் தாண்டி சால மரங்கள். என் பெண் பள்ளிக்கூடம் போகிறாளா, என்ன படிக்கிறாள் என்று கேட்டாள். நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் அவள் பக்கத்திலிருந்து சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருந்தது.

கண்ணாடியை எடுத்து வைக்கலாம் என்று நினைத்தேன். எழுந்தால் நாற்காலி கிறீச்சிடும். வேலைக்காரன் தேநீர்த் தட்டோடு வந்து நின்றான். அப்புறம் வா என்று அவனுக்குக் கையைக் காட்டினேன்.